கடைசிக் காயின் விலை

விளையாட்டுக்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தொடக்கத்தைப் புகழ்வர். அன்றேல் நடுவில் நிகழும் போரைப் புகழ்வர். முடிவைப் புகழ்வோர் மிகச் சிலரே. பெரிய குழிகள் வெறுமையாகி, பெருங்காய்கள் வெட்டுண்டு, இரண்டொரு காய்கள் மட்டும் எஞ்சி நிற்கும் வேளையில், வேடிக்கை பார்த்திருந்தவர் எழுந்து போய்விடுவது உலக வழக்கம். ஆயினும், வெற்றியும் தோல்வியும் ஒரு காயிலோ அரைப் புள்ளியிலோ நிற்குமாயின், அதனைத் தீர்ப்பது அவர்கள் எழுந்து போன பின்னர் ஆடப்படும் அச்சில ஆட்டங்களே அன்றோ? “இக்காயை இப்பொழுது ஆடுவதால் நமக்கு வரும் பயன் எவ்வளவு?” என்று அவ்வேளையில் கேட்பது எளிது, விடை கூறுவது அரிது. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவராகிய யாம் கணிதத்தின் வேலிக்குள் சிறிது தூரம் நுழைய நேர்வதைக் கணிதத்துறை நண்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

எமது ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தை அடுத்துள்ள அனுமந்தன்பட்டி. மேற்கே மலைத்தொடர், அம்மலை நீரைக் கிழக்கே திருப்ப 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையால் செழித்த வயல்கள், தென்னந்தோப்புக்கள், திராட்சைப் பந்தல்கள், இவற்றிடையே ஆங்காங்குப் புளியமரங்கள். அப்புளியமரங்கள் எம் ஊர் மகளிர்க்குக் குழம்புக்குப் புளியை மட்டும் தருவன அல்ல. பல்லாங்குழிக்கு வேண்டிய காய்களையும் அவையே தருகின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, உணவும் முடிந்த பின்னர், திண்ணையில் பல்லாங்குழிப் பலகை விரிக்கப்படும் வீடுகளுள் எம் பாட்டியார் வீடும் ஒன்று.

பல்லாங்குழியின் சட்டம் ஊருக்கு ஊர், ஏன், வீட்டுக்கு வீடு வேறுபடுவது. எம் பாட்டியார் வீட்டு வழக்கு வருமாறு: பலகையில் வரிசைக்கு 7 ஆக 14 குழிகள். குழிக்கு 5 காய்கள் இட்டுத் தொடங்குவர். ஆக 70 காய்கள். ஆடுபவர் தம் வரிசையில் ஒரு குழியை அள்ளி, அடுத்த குழி தொடங்கி வலப்புறமாகக் குழிக்கொன்றாக இட்டுக்கொண்டு போவார். கைக்காய் தீர்ந்ததும் அதற்கடுத்த குழியில் உள்ளவற்றை அள்ளித் தொடர்வார். அக்குழி வெறுமையாயின், அதனைக் கையால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளவற்றைத் தமக்கென எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடுவார். அதுவும் வெறுமையாயின் கிடைப்பது ஒன்றுமில்லை. இடையில் எக்குழியிலேனும் நான்கு காய்கள் சேர்ந்தால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். அக்குழி யார் பக்கத்ததோ அவர் அப்பசுவைப் பிடித்துக்கொள்வார். ஒருவர் வரிசை முழுதும் வெறுமையானால் அச்சுற்று முடியும். எதிர் வரிசையில் எஞ்சிய காய்கள் அவ்வரிசைக்கு உரியவரைச் சாரும்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் அருகிருந்து கண்ட ஓர் ஆட்டத்தின் முடிவை இங்கே எடுத்துக்காட்டுவோம். பாட்டியாரின் குழிகளை இடமிருந்து வலமாக 1 முதல் 7 வரை எண்ணுக. எதிரே அமர்ந்தவரின் குழிகளை, ஆட்டம் செல்லும் திசையிலேயே, 8 முதல் 14 வரை எண்ணுக. பாட்டியார் பக்கத்தில் முதற்குழியில் 2, மூன்றாவதில் 1, நான்காவதில் 3, ஏழாவதில் 1 காய் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் பத்தாம் குழியில் மட்டும் 3 காய்கள். மற்றவை யாவும் வெறுமை. ஆக, பலகையில் எஞ்சியவை 10 காய்கள். ஆடும் முறை பாட்டியாருடையது.

மூன்றாங் குழியில் உள்ள ஒற்றைக் காயை எடுத்து நான்காங் குழியில் இட்டால் அங்கே நான்கு சேரும், பசு கிடைக்கும். கண்ணுக்கு நேரே நிற்கும் பசுவை யார் விடுவார்? ஆனால் பாட்டியார் ஏழாங் குழிக் காயை எடுத்து எட்டாவதில் இட்டார்; ஒன்பதாவது வெறுமையாக இருந்ததால் அதனைத் துடைத்துப் பத்தாவதிலிருந்த மூன்று காய்களை அள்ளினார். எதிரே இருந்த அடுத்த வீட்டு அம்மையார், “மதினி, பசுவ விட்டுட்டீகளே!” என்று சிரித்தார். பாட்டியார் தலை நிமிராமலே, “பசு எங்கயும் ஓடாது தாயி, ஓடுறதத்தான் மொதல்ல புடிச்சுக் கட்டணும்” என்றார்.

அன்றிரவு யாம் அந்நிலையை ஏட்டில் எழுதி, இரண்டு வழிகளையும் ஆடிப் பார்த்தோம். பாட்டியார் முதலிற் பசுவைப் பிடித்திருந்தால் மடியில் 4 காய்கள். எதிராளி பத்தாங் குழியின் மூன்றையும் 11, 12, 13 எனும் குழிகளில் இடுவார், பதினான்காவது வெறுமை, அதனைத் துடைத்துப் பாட்டியாரின் முதற்குழியில் இருந்த 2 காய்களை எடுத்துக்கொள்வார். பாட்டியார் வரிசையில் எஞ்சுவது ஏழாங் குழியின் ஒற்றைக் காய். அதனை எட்டாவதில் இட்டால், அடுத்த இரு குழிகளும் வெறுமை, ஒன்றும் கிடையாது. வரிசையும் ஒழிந்துபோம். மீதியுள்ள 4 காய்களும் எதிராளிக்கே. கணக்கு: பாட்டியார் 4, எதிராளி 6. பாட்டியார் ஆடிய வழியிலோ, முதலில் 3 காய்கள் வந்தன. எதிராளிக்கு எஞ்சியது எட்டாங் குழியில் விழுந்த ஒற்றைக் காய். அதனை ஒரு குழி நகர்த்துவதன்றி அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அடுத்த முறையில் பசு பாட்டியாருக்கே. 3உம் 4உம் ஆக 7 காய்கள் ஐயமின்றி மடியில் வந்துவிட்டன. எதிராளி மடியில் ஒன்றுமில்லை. 4க்கு 6 என்று தோற்க வேண்டிய சுற்று, 4 பெரிது 3 சிறிது என்று எண்ணாமையால் வெற்றியாயிற்று.

இதனின்று நாம் அறிவது யாது? ஓர் ஆட்டத்தின் மதிப்பு, அதனால் கைக்கு வரும் காய்களின் தொகையன்று. யாம் அவ்விடத்தில் ஆடினால் விளையும் நிலை ஒன்று. யாம் ஆடாது விட, எதிராளி அவ்விடத்தில் ஆடினால் விளையும் நிலை மற்றொன்று. இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே மதிப்பு. நான்காங் குழியின் பசுவை எதிராளி அப்பொழுது தீண்டவியலாது. ஆகவே அதனை உடனே பிடிப்பதற்கும் பின்னர்ப் பிடிப்பதற்கும் வேறுபாடில்லை. உடனே பிடிப்பதன் மதிப்பு, காய் நான்காயினும், சுழியே. பத்தாங் குழியிலோ, யாம் ஆடினால் 3 வரவு; எதிராளி ஆடினால் 2 இழப்பு. வரவையும் இழப்பையும் கூட்டிக் காணும்பொழுதே அவ்விடத்தின் உண்மை விலை புலனாகிறது.

இக்கருத்தை நூல்முறையாக வளர்த்த ஆட்டம் நம் நாட்டதன்று. சீனத்தில் தோன்றிக் கொரியாவிலும் ஜப்பானிலும் பரவிய ‘கோ’ என்பது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அதனைச் சீனர் வெய்ச்சி என்றும் கொரியர் பாதுக் என்றும் அழைப்பர். நம் மொழியிற் கோ என்னும் சொல் அரசனுக்கும் பசுவுக்கும் உரியதாகலின், அப்பெயரைக் கேட்டவுடன் பாட்டியாரின் பசு எம் நினைவில் வந்தது, பெயரொற்றுமை தற்செயலே. விடுதியில் எம் அறை நண்பர், கணித மாணவர், அட்டையொன்றிற் கோடுகள் கிழித்து அவ்வாட்டத்தை எமக்குக் கற்பித்தார். கருங்காய்களுக்குப் புளியங்கொட்டையும் வெண்காய்களுக்குச் சோழியும் கொண்டோம்.

முழுப் பலகையில் நெடுக்கே 19, குறுக்கே 19 கோடுகள்; அவை சந்திக்கும் இடங்கள் 361. கருங்காயர் தொடங்க, இருவரும் மாறி மாறிச் சந்திகளில் ஒவ்வொரு காயாக வைப்பர். வைத்த காய் நகராது. நாற்புறமும் சூழப்பட்டு மூச்சுவிட இடமின்றிப் போனால் மட்டுமே எடுக்கப்படும். இறுதியில் எவர் மிகுதியான இடத்தைத் தம் காய்களால் வேலியிட்டு வளைத்திருக்கிறாரோ அவரே வென்றவர். முதலில் தொடங்குவது நன்மையாகலின், வெண்காயருக்கு ஈடாக 6½ அல்லது 7½ புள்ளிகள் கொடுப்பர். அவ்வரைப் புள்ளி இருப்பதனால் ஆட்டம் சமமாக முடிவதில்லை. நூற்றுக்கணக்கான காய்கள் வைத்த பின்னர் அரைப் புள்ளியில் வெற்றி தீர்வதும் உண்டு. கொரிய நாட்டு லீ சாங்-ஹோ என்பார் இத்தகைய அரைப் புள்ளி வெற்றிகளுக்குப் பெயர் பெற்றவர். முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாது இறுதிக் கணக்கைச் செய்யும் அவரைக் ‘கற்புத்தர்’ என்றே அழைத்தனர்.

நிலங்கள் பெரும்பாலும் பங்கிடப்பட்டு, வேலியின் சிறு இடைவெளிகளை அடைப்பது ஒன்றே எஞ்சும் அவ்விறுதிக் கட்டத்திற்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘யோசே’. நம் ‘யோசனை’ என்னும் சொல்லோடு அதற்கு உறவு இல்லை. ஆயினும் பொருத்தமான பெயர்தான். அங்கே ஓரிடைவெளியை யாம் அடைத்தால் எம் நிலம் 2 புள்ளி பெருகும். எதிராளி அடைத்தால் அவர் நிலம் 2 புள்ளி பெருகும் எனக் கொள்க. அவ்விடத்தின் மதிப்பு 2 அன்று, 4. இது பாட்டியார் கண்ட விதியே.

ஆனால் கோ ஆடுவோர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். சில காய்களை வைத்தால் எதிராளி உடனே பதிற்காய் வைத்தே தீர வேண்டும். வையாவிடின் அவருக்குப் பெருநட்டம். அத்தகைய ஆட்டத்தின் பின் ஆடும் முறை மீண்டும் நம்மிடமே வருகிறது. அதனைச் ‘செந்தே’ என்பர். ‘முற்கை’ என்று யாம் மொழிபெயர்ப்போம். வைத்தபின் எதிராளி வேறிடம் சென்று தம் விருப்பப்படி ஆடத்தக்கது ‘கோதே’, அது ‘பிற்கை’. முறையைக் கையில் வைத்திருப்பதும் ஒரு செல்வம் என்பது இப்பாகுபாட்டின் உட்கருத்து. வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்சும் எம் பள்ளத்தாக்கின் உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை; வயல் எவ்வளவு பெரிது என்பதனோடு, முறை எப்பொழுது வருகிறது என்பதும் விளைச்சலைத் தீர்க்கும் என்று அவர்கள் அறிவார்கள்.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். பலகையில் இரண்டே இடங்கள் எஞ்சியுள்ளன. ஒன்று, முன்னர்க் கூறிய 4 புள்ளி மதிப்புள்ள பிற்கை. மற்றொன்று, யாம் ஆடினால் முற்கையாகி எமக்கு 3 புள்ளி தருவது. எதிராளி முந்திக்கொண்டு அவ்விடத்தை அடைத்துவிட்டால் அந்த 3 கிடையாது. மேற்போக்காக நோக்குவோர் 4 பெரிது என்று அதனை முதலில் எடுப்பர். எதிராளி உடனே மற்றை இடத்தை அடைப்பார், 3 போயிற்று. அறிந்தவரோ முதலில் முற்கையை ஆடி 3 பெறுவர். எதிராளி பதில் வைப்பார். முறை திரும்பி வரும். பின்னர் 4ஐயும் எடுப்பர். இரண்டும் தமக்கே.

இதனை அளக்கவும் ஒரு வழி உண்டு. பிற்கையில், யாம் ஆடிய நிலைக்கும் எதிராளி ஆடிய நிலைக்கும் இடையே கிடப்பவை இரண்டு முறைகள்: எமது ஒன்று, அவரது ஒன்று. ஆகவே 4 புள்ளியை இரண்டால் வகுத்து, முறை ஒன்றுக்கு 2 என்று கொள்ள வேண்டும். முற்கையிலோ, யாம் ஆட அவர் பதில் வைக்க, முறைக்கணக்கு நேர்பட்டுவிடுகிறது. எதிராளி முந்தினால் மட்டுமே ஒரு முறை செலவாகிறது. ஆகவே 3 புள்ளி முழுவதும் முறை ஒன்றுக்கு உரியது. இரண்டினும் மூன்று பெரிதன்றோ? 6 புள்ளிப் பிற்கையும் 3 புள்ளி முற்கையும் ஒரே விலையுடையன என்று கோ ஆடுவோர் கூறுவதன் காரணம் இதுவே.

பல தலைமுறைகளாக ஆட்டக்காரர் பழக்கத்தால் அறிந்திருந்த இக்கணக்கு, சென்ற நூற்றாண்டில் மேனாட்டுக் கணித அறிஞர் கண்ணிற் பட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் கான்வே என்பார், கோ ஆட்டத்தின் முடிவு ஒன்றையொன்று தொடாத பல சிறு ஆட்டங்களாகப் பிரிந்து நிற்பதையும், முழு ஆட்டம் அச்சிறு ஆட்டங்களின் கூட்டுத்தொகை போல் இருப்பதையும் நோக்கினார். ஆட்டங்களையே எண்கள்போற் கூட்டலாம், ஒப்பிடலாம் என்னும் அவர் கொள்கை 1976ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. எல்வின் பெர்லெகாம்ப், டேவிட் உல்ப் என்னும் இருவர் 1994ஆம் ஆண்டில் கோவின் இறுதிப் புள்ளியைப் பற்றியே ஒரு கணித நூல் இயற்றினர்.

பெர்லெகாம்ப் கண்ட ஓர் உத்தி எமக்கு மிகவும் வியப்பளித்தது. பலகையின் அருகே விலை எழுதிய சீட்டுக்களை அடுக்கி வைப்பர். மேற்சீட்டின் விலை மிகுதி. அடியிற் செல்லச் செல்ல அரை அரைப் புள்ளியாகக் குறையும். ஆடுபவர் தம் முறையிற் பலகையிற் காய் வைக்கலாம்; அல்லது காய் வையாது மேற்சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் 5 புள்ளிச் சீட்டை விட்டுவிட்டுக் காய் வைத்தால், அக்காய் 5 புள்ளிக்குக் குறையாது என்று அவர் மதித்ததாகவே பொருள். உள்ளத்திற் கிடக்கும் மதிப்பை வெளிப்படுத்தும் உரைகல் அச்சீட்டு. எதனை விட்டுக்கொடுத்து எதனை எடுக்கிறோம் என்பதிலேயே நம் மதிப்பீடு தெரிகிறது. வாயாற் சொல்வதில் அன்று.

முற்கை என்பது கணக்கு மட்டுமன்று. மனத்தையும் தாக்கும் என்பதற்கு 1938ஆம் ஆண்டில் ஜப்பானில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் சான்று. முதியவராகிய ஹோனின்போ ஷூசாய் ஆடிய இறுதிப் போட்டி அது; எதிரே ஆடியவர் இளைஞர் கிதானி மினோரு. ஜூன் மாதம் தொடங்கி டிசம்பர் வரை, இடையிடையே நிறுத்தி ஆடினர். நிறுத்தும்பொழுது அடுத்த காயை எழுதி உறையிலிட்டு முத்திரை வைப்பது விதி. 121ஆம் காயைக் கிதானி அவ்வாறு உறையிலிட்டார். உறையைத் திறந்தபொழுது, அது போர் நிகழ்ந்த இடத்தில் இல்லாது, பதில் வேண்டி நிற்கும் ஒரு காயாக வேறிடத்தில் இருந்தது. விதிக்கு மாறானதன்று, ஆயினும் முதியவர் உள்ளம் புண்பட்டது என்று, அப்போட்டியைச் செய்தித்தாளுக்கு எழுதியவரும் 1968ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவருமாகிய கவாபாத்தா தம் நாவலிற் சித்தரிக்கிறார். முடிவில் ஷூசாய் 5 புள்ளியில் தோற்றார். 1940ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காலமானார்.

இங்கே ஒரு வேற்றுமையையும் கூறிவிட வேண்டும். கோவின் இறுதியில் ஓரிடத்து ஆட்டம் மற்றோரிடத்தைத் தீண்டுவதில்லை. அதனாலேயே கூட்டற் கணக்குச் செல்லுகிறது. பல்லாங்குழி அத்தகையதன்று. ஒரு குழியை அள்ளினால் அதன் காய்கள் பல குழிகளிற் சென்று விழுகின்றன. ஒவ்வோர் ஆட்டமும் முழுப் பலகையையும் மாற்றவல்லது. ஆகவே கேம்பிரிட்ஜ் கணக்கை அப்படியே எடுத்துத் திண்ணைப் பலகையின் மேல் வைத்தல் பொருந்தாது. எம் பாட்டியார் கான்வேயின் கொள்கையை முன்னரே கண்டுவிட்டார் என்று யாம் பெருமை பேச முற்படவில்லை. காய்கள் அருகி, குழிகளுக்கிடையே வெறுமை மிகுந்த இறுதியில் மட்டுமே இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அங்கே இரண்டுக்கும் பொதுவான வினா ஒன்றே: “யாம் இதனைச் செய்யாவிடின், எதிரில் உள்ளவர் என்ன செய்வார்?”

அவ்வினாவின் அருமையை அண்மையில் உலகமே கண்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில், சதுரங்க உலகப் பட்டத்திற்கான பதினான்காம் ஆட்டம். சீன வீரர் டிங் லிரெனும், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர் குகேஷும் 6½க்கு 6½ என்று சமமாக நின்றனர். டிங் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தார். எனினும் நிலைமை சமமாக முடியக்கூடியதே. 55ஆம் ஆட்டத்தில் அவர் யானைக்கு யானை மாற்ற முன்வந்தார். காய்கள் குறைந்தால் தொல்லையும் குறையும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் யானைகள் ஒழிந்த பின்னர் அடுத்த முறை குகேஷினுடையது. அவர் தம் மந்திரியைக் கொண்டு எதிராளியின் மந்திரியையும் மாற்றத்திற்கு இழுத்தார். மந்திரிகளும் ஒழிந்தால் எஞ்சுவது அரசனும் சிப்பாய்களுமே. அங்கே அந்த ஒற்றைச் சிப்பாய் பெருஞ்செல்வம். 58 ஆட்டங்களில் முடிந்தது. எம்மினும் ஒரு வயது இளையவர் உலக வீரரானார் என்று விடுதி முழுவதும் ஆரவாரித்த அவ்விரவில், யாம் வியந்தது அந்த ஒரு மாற்றத்தின் விலையை அவர் நொடிப்பொழுதில் அளந்த திறத்தையே.

மதிப்பு என்பது நோக்கத்தைப் பொறுத்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. 2016ஆம் ஆண்டில் கொரிய வீரர் லீ செடோலை 4க்கு 1 என்று வென்ற ‘ஆல்பாகோ’ என்னும் கணிப்பொறி, முடிவு நெருங்கும்போது சிற்சில புள்ளிகளைத் தானே விட்டுக்கொடுத்தது. கண்டவர் முதலில் திகைத்தனர். அது புள்ளிகளை எண்ணவில்லை. வெல்லும் உறுதியை மட்டுமே எண்ணியது. 2017ஆம் ஆண்டு மே மாதத்திற் சீன வீரர் கே ஜியேவோடு ஆடிய முதல் ஆட்டத்தில் அது வென்றது அரைப் புள்ளியில்தான். அதற்கு அரைப் புள்ளியும் ஐம்பது புள்ளியும் ஒன்றே. என்ன வேண்டும் என்று தெளியாதவர்க்கு எக்காயின் விலையும் தெரியாது.

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், தன் வலியோடு மாற்றான் வலியையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவரும், பதினாயிரம் பேரோடு போருக்கு எழும் அரசன், இருபதினாயிரம் பேரோடு வரும் எதிரியை எண்ணிப் பார்க்க முதலில் உட்காருவான் என்று உவமை கூறுகிறார். இரண்டு இடத்தும் கணக்கு ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. தன் மடியை மட்டும் எண்ணுகிறவன் கணக்கன் அல்லன் என்பதே கருத்துப் போலும்.

இதெல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று நண்பர் சிலர் கூறுவர். ஆகவே, இக்கணக்கை யாம் பலகைக்கு வெளியே இட்டுப் பார்த்த ஒரு செய்தியையும் கூறி முடிப்போம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தபொழுது, விடுதியிலேயே தங்கித் தொல்காப்பியப் பொருளதிகார உரையைப் படித்து முடிப்பதா, ஊருக்குச் செல்வதா என்னும் வினா எழுந்தது. தேர்வு அணித்தே இருந்தது. படிப்பின் பயன் பெரிது. அது கண்முன் நிற்கும் பசு. ஊரிலோ, எண்பது வயதைக் கடந்த பாட்டியாருக்குக் கண்ணொளி மங்கி வருகிறது. இப்பொழுது குழிக்காய்களை விரலால் தடவியே எண்ணுகிறார். அவருக்குத் தெரிந்த ஆட்டங்களின் சட்டங்கள் எவ்வேட்டிலும் எழுதப்படவில்லை; அவரோடு எதிரில் அமர்ந்து ஆடத்தக்கவரும் தெருவில் இருவர் மூவரே.

பலகையில் இருந்த இடங்கள் இரண்டு. பொருளதிகாரத்தை யாம் அம்மாதம் படிக்காவிடின், அதனை எவரும் கொண்டுபோகப் போவதில்லை. தை மாதத்திலும் அது நூல்நிலையத்தின் அதே தட்டில் இருக்கும். ஊருக்குச் செல்லாவிடின், அவ்விடத்தில் அடுத்த காயை வைப்பது காலம். காலம் வைத்த காயை எவரும் எடுத்ததில்லை. நண்பர் வியப்ப யாம் பேருந்து ஏறினோம்.

பன்னிரண்டு நாட்கள் ஊரில் இருந்தோம். பாட்டியார் சொல்லச் சொல்ல மூன்று வகை ஆட்டங்களின் சட்டங்களையும், முடிவுநிலைகள் இருபத்திரண்டையும் குழிக் கணக்கோடு ஏட்டில் எழுதிக்கொண்டோம். சிலவற்றிற்கு அவர் காரணம் கூறினார்; சிலவற்றிற்கு, “கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது அய்யா” என்று கூறிவிட்டார். அவற்றின் காரணத்தை இப்பொழுது யாமும் எம் கணித நண்பரும் தேடிவருகிறோம். இதுவரை ஒன்பதுக்கு விடை கண்டோம். பொருளதிகார உரையைத் தை மாதத்தில் எடுத்தோம், பாதிக்கு மேல் முடிந்தது, தேர்வு இனிமேல்தான்.

இக்கல்லூரியிற் பயிலும் அன்பர்களுள் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தோர். உங்கள் வீட்டுப் பெரியோர் அறிந்த ஆட்டமும், அதன் சட்டமும், அவர்கள் இறுதிக் காயை எண்ணும் வகையும் உங்கள் வீட்டு வழக்காக மட்டுமே இருத்தல் கூடும். வருகின்ற விடுமுறையில் ஓர் ஏடும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். எழுதிக் கொணர்வோர் எவராயினும், எம் ஏட்டோடு ஒப்புநோக்க மகிழ்வோடு காத்திருக்கிறோம்.